மவுஸ் யார் கையில்?

இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், பெங்களூரில் இருந்த மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த உதய் சிங் பவார், ஜோயோஜீத் பால், கெண்டாரோ டொயாமா ஆகியோர் கிராமப்புறப் பள்ளிகளின் கணினி அறைகளை ஊன்றிக் கவனித்தார்கள். ஒரு கணினியைச் சுற்றி நான்கைந்து பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்பார்கள். மவுஸ் ஒருவர் கையில் இருக்கும். மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், கொஞ்ச நேரத்தில் சலித்துப்போய்ப் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். ஆளுக்கொரு கணினி வாங்கக் காசில்லாத நாட்டில் என்ன செய்யலாம் என்று யோசித்த அவர்கள், ஒரே கணினியில் ஐந்து மவுஸ்களை மாட்டினார்கள். திரையில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத்தில் அம்புக்குறி. கணினியின் விலையோடு பார்த்தால் கூடுதல் செலவு அற்பம்.

பிறகு 238 பிள்ளைகளை வைத்து, ஆங்கிலச் சொற்களை நினைவில் நிறுத்தும் பயிற்சி ஒன்றில் இதைச் சோதித்தார்கள். ஐந்து பேர் ஐந்து மவுஸோடு ஒரு கணினியைப் பகிர்ந்தபோது கற்ற சொற்களும், ஒரு பிள்ளை தனியாக ஒரு கணினியில் உட்கார்ந்து கற்ற சொற்களும் மொத்தத்தில் ஏறத்தாழ சமமாக இருந்தன. ஆனால் அந்த ஆய்வில் என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொரு விஷயம். ஐந்து மவுஸ் அமைப்பையே இரண்டு விதிகளில் நடத்தினார்கள். ஒன்றில், யார் முதலில் சரியான விடையை அழுத்துகிறாரோ அதோடு கேள்வி முடிந்தது. மற்றதில், ஐந்து பேரும் சரியான விடைக்கு வந்து சேர்ந்தால்தான் அடுத்த கேள்வி வரும். கணினி, மென்பொருள், சொற்பட்டியல் எதுவும் மாறவில்லை. விதி மட்டும் மாறியது. பிள்ளைகள் நடந்துகொண்ட விதமும் கற்ற அளவும் அதோடு சேர்ந்து மாறின. பெண்பிள்ளைகள் எல்லா அமைப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு கற்றார்கள். பையன்களின் கற்றல்தான் விதிக்குத் தக்கபடி ஏறி இறங்கியது.

நான் பி.எட். மாணவி, இயற்பியல் என் பாடம். சீக்கிரமே வகுப்பறைக்குள் போகப்போகிறேன். நான் போகும் பள்ளிகள் வெறுங்கையோடு இல்லை. தமிழ்நாட்டில் 2011 முதல் மேல்நிலை மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தார்கள். 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் அச்சாகின. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 6,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் அமைந்திருக்கிறது. தொடக்கப் பள்ளிகளுக்கும் ஸ்மார்ட் போர்டு வந்துகொண்டிருக்கிறது. இதையெல்லாம் வாங்கித் தருவது அரசின் பொறுப்பு. வந்து இறங்கிய பிறகு அதைச் சுற்றிப் பிள்ளைகளை எப்படி உட்கார வைப்பது, யார் தொடுவது, யார் பேசுவது, ஒரு முடிவுக்கு எப்படி வருவது என்பதை ஆசிரியர்தான் தீர்மானிக்கிறார். ஆய்வுகளைப் படிக்கப் படிக்க, கற்றல் நடப்பதும் நடக்காமல் போவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்று எனக்கு உறுதிப்பட்டுவருகிறது. ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் மிகக் குறைவாகப் பேசுவதும் இதைப் பற்றித்தான்.

குஜராத்திலிருந்து இரண்டு ஆய்வுகள். வடோதராவில் மாநகராட்சிப் பள்ளிகளின் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் இரண்டு மணி நேரம் கணிதக் கணினி விளையாட்டுகள் கொடுக்கப்பட்டன. ஒரு கணினிக்கு இருவர். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி கணித மதிப்பெண் 0.47 திட்டவிலக்கம் உயர்ந்தது. கல்வி ஆய்வுகளில் இது பெரிய உயர்வு. அந்தக் குழுவில் ஒருவரான லீ லிண்டன், பின்னர் அதே மாநிலத்தில் வேறு பள்ளிகளில் இன்னொரு கேள்வியை எழுப்பினார்: கணினி நேரத்தை எங்கிருந்து எடுக்கிறோம்? ஆசிரியர் நடத்தும் பாடவேளையை எடுத்துக்கொண்டு கணினியில் உட்கார வைத்த இடத்தில் பிள்ளைகளின் கற்றல் குறைந்தது. பள்ளி நேரத்துக்கு வெளியே கூடுதலாகக் கொடுத்த இடத்தில் கூடியது. நல்ல ஆசிரியரிடமிருந்து நேரத்தைப் பறித்தால் நல்ல மென்பொருளும் நட்டத்தில் முடியும்.

பெருவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்ற உலகறிந்த திட்டத்தின் கீழ் கிராமப் பள்ளிகளுக்குக் கணினி போனது. 319 பள்ளிகளில் ஆய்வு செய்தார்கள். மாணவர் ஒருவருக்கு 0.12 ஆக இருந்த கணினி எண்ணிக்கை 1.18 ஆக உயர்ந்திருந்தது. 15 மாதங்களுக்குப் பிறகு கணிதத்திலும் மொழிப்பாடத்திலும் எந்த மாற்றமும் தென்படவில்லை.

இதற்கு மறுபக்கமாக டெல்லியின் மைண்ட்ஸ்பார்க் ஆய்வைச் சொல்வார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் மூவரும் 2019-ல் வெளியிட்டது. பிள்ளை இருக்கும் மட்டத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து கேள்வி கேட்கும் மென்பொருள். நாலரை மாதத்தில் கணிதத்தில் 0.37, இந்தியில் 0.23 திட்டவிலக்கம் முன்னேற்றம். மென்பொருளுக்கு விளம்பரம் செய்பவர்கள் இந்த இரண்டு எண்களோடு நிறுத்திக்கொள்வார்கள். இந்த மென்பொருளைப் பயன்படுத்திய மையங்களில் ஒவ்வொரு அமர்வும் 90 நிமிடம். பாதி நேரம்தான் கணினி. மீதிப் பாதியில் பத்துப் பதினைந்து பேர் கொண்ட சிறு குழுவாக உட்கார்ந்து ஓர் ஆசிரியரோடு படித்தார்கள். மென்பொருளின் பங்கு சிறியது என்று நான் சொல்ல வரவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு தெரியவில்லை என்பதை நாற்பது பேரில் ஒவ்வொருவருக்காகவும் கண்டுபிடிக்க எந்த ஆசிரியராலும் முடியாது, மென்பொருளால் முடியும். ஆனால் அந்த முன்னேற்றம் திரையும் குழுவும் சேர்ந்து தந்தது. ஒன்றைப் பிரித்தெடுத்து அதற்கே முழுப் பெருமையையும் கொடுக்க அந்த ஆய்வில் வழியில்லை.

நமக்கு இன்னும் பக்கத்தில் புதுச்சேரியை ஒட்டிய காளிக்குப்பம் இருக்கிறது. 1999-ல் டெல்லி கல்காஜியில் சுவரில் ஓட்டை போட்டுக் கணினி வைத்துப் பேர்பெற்ற சுகதா மித்ரா, பின்னர் இந்தக் கடலோரக் கிராமத்தில் வேண்டுமென்றே கடினமான ஒன்றைச் சோதித்தார். தமிழ் மட்டுமே பேசும் பிள்ளைகள் தெருவோரக் கணினியில், ஆங்கிலத்தில், டிஎன்ஏ தன்னைத்தானே நகலெடுத்துக்கொள்ளும் விதத்தைத் தாங்களாகவே கற்க முடியுமா? முடியாது என்று காட்டவே தொடங்கியதாக அவர் சொல்லியிருக்கிறார். சில மாதங்களில் பிள்ளைகளின் மதிப்பெண் ஏறத்தாழ 30 விழுக்காட்டை எட்டியது. அதற்கு மேல் நகரவில்லை. அப்போது உள்ளூரில் பிள்ளைகளோடு பழகிய ஓர் இளம்பெண்ணை மித்ரா கேட்டுக்கொண்டார். அவருக்கு உயிரியல் தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை, பின்னால் நின்று, பாட்டிமார் செய்வதுபோல, "இது என்ன, எப்படிக் கண்டுபிடிச்சீங்க, எனக்கும் காட்டுங்க" என்று ஆசையோடு கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்றார். மதிப்பெண் 50 விழுக்காட்டுக்கு ஏறியது. டெல்லியில் வசதியான தனியார் பள்ளியில், உயிரியல் ஆசிரியரிடம் படித்த பிள்ளைகள் எடுத்த அளவு அது.

இந்தக் கதையை ஆசிரியர் தேவையில்லை என்பதற்குச் சான்றாகச் சொல்லிவருகிறார்கள். எனக்கு அது நேர்மாறான செய்தியைச் சொல்கிறது. கணினி பிள்ளைகளை ஓர் எல்லைவரை கொண்டுபோய் விட்டது. அதற்கு மேல் ஏற, அவர்கள் சொல்வதைக் கேட்கும் ஒரு மனிதர் வேண்டியிருந்தது. சொல்லிக் காட்டவேண்டிய கட்டாயம் வந்தபோதுதான் அரைகுறையாகத் தெரிந்தது முழுசாகத் தெரிந்தது. யாரும் வந்து கேட்காத சுவர்க் கணினிகளுக்கு என்ன ஆனது என்பதும் பதிவாகியிருக்கிறது. டெல்லியில் அவற்றை நேரில் பார்த்த ஆய்வாளர் மார்க் வார்ஷவர், பிள்ளைகள் பெரும்பாலும் விளையாட்டிலும் படம் வரைவதிலும் நேரத்தைப் போக்கியதை எழுதினார். உத்தராகண்டின் மலைப்பகுதிகளுக்குப் போன பாயல் அரோரா, வைத்த கணினிகள் சில ஆண்டுகளில் பயனற்றுக் கிடந்ததை 2010-ல் எழுதினார்.

கூடிக் கற்றல் என்பதை இணையம் கொண்டுவந்த புதுமையாகப் பேசுகிறவர்கள் எழும்பூரின் பழைய கதையையும் அறியவேண்டும். 1789-ல் சென்னை ராணுவ ஆண்பிள்ளைகள் அநாதை இல்லத்தின் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். குதிரையில் போகும் வழியில் ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்துகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். காகிதமும் மையும் விலை கூடிய காலத்தில், எழுதி அழித்து மறுபடி எழுத மணலைவிட மலிவான கருவி வேறில்லை. தன் இல்லத்தில் அதைச் செய்துபார்க்கச் சொன்னபோது உதவி ஆசிரியர் முடியாது என்று மறுத்தார். பெல், ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, கீழ் வகுப்புக்கு மணலில் அரிச்சுவடி கற்றுத்தரச் சொன்னார். அது பலித்தது. மெல்ல மெல்ல இல்லமே பிள்ளைகள் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் பள்ளியாக மாறியது. 1797-ல் லண்டனில் இதைப் பற்றி அவர் வெளியிட்ட சிறுநூலுக்குப் பிறகு, மதராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச்சென்ற பணத்தில் எழுந்த பள்ளி இன்றும் மதராஸ் கல்லூரி என்றே அழைக்கப்படுகிறது.

பெருமைப்பட இடமுண்டு. அதைவிடக் கவனிக்க இடமுண்டு. திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல, மற்றவர்கள் பின்னே சொல்வார்கள். பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் எண்சுவடியும் அப்படித்தான் மனத்தில் ஏறின. கணித வரலாற்று ஆய்வாளர் செந்தில் பாபுவின் ஆய்வு அந்தக் கணக்குப் பயிற்சியின் வலிமையையும் நெருக்கத்தில் காட்டுகிறது. ஆனால் சட்டாம்பிள்ளையிடம் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. அந்தத் திண்ணையில் யார் ஏறலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. இங்கிலாந்துக்குப் போன முறையும் இதே குணத்தோடுதான் போனது: மலிவு, ஒழுங்கு, மேலிருந்து கீழே இறங்கும் பாடம். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லித்தருகிறது என்பதாலேயே அங்கே இருவரும் சேர்ந்து சிந்திக்கிறார்கள் என்று ஆகிவிடாது. மவுஸைப் பிடித்திருக்கும் ஒருவனும் எட்டிப் பார்க்கும் நால்வரும் அந்தச் சட்டாம்பிள்ளை ஏற்பாட்டின் தொடர்ச்சியாகவே எனக்குப் படுகிறார்கள்.

அந்த ஏற்பாட்டை உடைக்கத் தமிழ்நாட்டில் நடந்த பெரிய முயற்சி செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷிவேலியில் பத்மநாப ராவ், ரமா தம்பதியினர் உருவாக்கிய அட்டை முறையைப் பின்பற்றி, அப்போது சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003-ல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கினார். 2007-08-ல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்தது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரில் பிள்ளைகளின் உயரத்துக்குக் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் தனி இடம். ஏணிப்படியில் தான் எங்கே நிற்கிறோம் என்று பார்த்து, தட்டிலிருந்து தன் அட்டையைப் பிள்ளையே எடுத்துக்கொள்ளும். அட்டையிலுள்ள படம் எந்தக் குழுவில் உட்காரவேண்டும் என்று சொல்லும். ஆறு குழுக்கள்: ஆசிரியர் முழுமையாக உதவுவது, ஓரளவு உதவுவது, சக மாணவர் முழுமையாக உதவுவது, ஓரளவு உதவுவது, தானே செய்வது, மதிப்பீடு.

மின்சாரமே தேவைப்படாத இந்த அட்டைப்பெட்டி, நான் படித்த எந்தக் கல்வி மென்பொருளைவிடவும் நுட்பமான தொழில்நுட்பம் என்று நம்புகிறேன். எந்த நேரத்தில் யாருடைய உதவி வேண்டும் என்ற கேள்வியை அது அட்டைக்குள்ளேயே எழுதிவைத்தது. குறைகளும் இருந்தன. அட்டை தொலைந்தால் ஏணியில் ஒரு படி போச்சு. நாற்பது பிள்ளைகள் நாற்பது இடத்தில் நிற்கும்போது பதிவேடு எழுதவே ஆசிரியருக்கு நேரம் போதாது. பல இடங்களில் பிள்ளைகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்களே தவிர, தனித்தனியாகத்தான் அட்டையை முடித்தார்கள். இன்று கணினி எடுத்துக்கொள்ள வேண்டிய வேலை அந்தப் பதிவேடுதான். அதை விட்டுவிட்டுப் பாடம் நடத்தும் வேலையை அதனிடம் கொடுக்கப் பார்க்கிறோம்.

குழு பிரிப்பது நம் ஊரில் வெறும் வசதி பற்றிய விஷயமாக இருந்துவிட முடியாது. "நாலு நாலு பேராகச் சேர்ந்துக்கோங்க" என்று சொல்லிவிட்டால் பல ஊர்களில் பிள்ளைகள் தெருவாரியாகச் சேர்வார்கள். தெரு என்றால் என்ன என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. கற்பித்தல் முறை பற்றிய புத்தகங்கள் எதிலும் இடம்பெறாத, ஆனால் எங்கள் வகுப்பறைக்கு இன்றியமையாத பரிந்துரை அது. குழுவை ஆசிரியரே பிரிக்கவேண்டும், அடிக்கடி மாற்றவேண்டும், காரணத்தோடு மாற்றவேண்டும். உளவியலாளர் எலியட் ஆரன்சன் 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டினில், கறுப்பின, வெள்ளையின, மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் முதன்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து மோதிக்கொண்டபோது உருவாக்கிய முறையும் இந்தத் தேவையிலிருந்து பிறந்ததே. பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொரு துண்டைக் கொடுத்தார். அடுத்தவரைப் பேசவிட்டுக் கேட்காமல் யாருக்கும் முழுப்பாடம் கிடைக்காது. எதிரியாக நினைத்தவன் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பது அங்கே பாடத்தின் தேவையாகவே ஆனது.

கற்பித்தல் பயிற்சிக்குப் போன அரசுப் பெண்கள் பள்ளியில் நான் எரிக் மசூரின் முறையைச் செய்துபார்த்தேன். ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் மசூர் 1991 முதல் பின்பற்றும் வழி அது. கேள்வி கேட்கவேண்டும், ஒவ்வொருவரும் தனியாக விடையைத் தேர்ந்தெடுக்கவேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாடவேண்டும், மறுபடி தேர்ந்தெடுக்கவேண்டும். அங்கே விடையைப் பதியக் கையடக்கக் கருவிகள் உண்டு. கனடாவில் நதானியல் லாஸ்ரி 2008-ல் ஒப்பிட்டுப் பார்த்து, கருவிக்குப் பதில் அட்டையைத் தூக்கிக் காட்டினாலும் கற்றலில் வேறுபாடு இல்லை என்று வெளியிட்டிருந்தார். அந்தத் துணிச்சலில் சார்ட் அட்டையை வெட்டி அ, ஆ, இ, ஈ எழுதிக் கொடுத்தேன்.

ஒன்பதாம் வகுப்பு. நேராக மேலே எறிந்த கல் உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கணத்தில் அதன் முடுக்கம் எவ்வளவு? முக்கால்வாசி அட்டைகள் சுழி என்றன. விடை சொல்லாமல், "பக்கத்துல இருக்கறவங்ககிட்ட உங்க விடைதான் சரின்னு நிரூபிங்க" என்றேன். வகுப்பு இரைந்தது. மூன்றாம் பெஞ்சில், அதுவரை வாயே திறக்காத ஒரு பெண் தோழியின் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்: "அங்க முடுக்கம் இல்லேன்னா கல்லு அங்கேயே நிக்கணும்ல? பின்ன ஏன்டி கீழ வருது?" தோழி பதில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினாள். தன் அட்டையைப் பார்த்தாள். மாற்றினாள். அந்தக் கேள்வி பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போவதை நான் நின்று பார்த்தேன். நான் பத்து நிமிடம் விளக்கியிருந்தாலும் அவ்வளவு கூர்மையாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

இரைச்சல் கேட்டு ஓர் ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அமைதியான வகுப்பே நல்ல வகுப்பு என்ற எண்ணம் நம் பள்ளிகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கூடிக் கற்றலுக்கு முதல் எதிரி கருவிப் பற்றாக்குறை அல்ல, இந்த எண்ணம்தான். ஸ்மார்ட் போர்டு விரைவாக ஏற்கப்படுவதற்கும் இது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். காணொலி ஓடும்போது பிள்ளைகள் சத்தம் போடுவதில்லை. தங்களுக்குள் பேசுவதும் இல்லை.

திரை மட்டும் போதுமா என்ற கேள்விக்குப் பெருந்தொற்றுக் காலம் ஒரு விடை தந்துவிட்டுப் போனது. தமிழ்நாட்டின் 220 கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, முரளிதரன் ஆகியோரின் ஆய்வு, 2021 டிசம்பரில் கணிதத்தில் 0.7, மொழியில் 0.34 திட்டவிலக்கம் அளவுக்குக் கற்றல் இழப்பு இருந்ததைக் காட்டியது. தொலைக்காட்சிப் பாடமும் கைப்பேசிப் பாடமும் நடந்த மாதங்களின் கணக்கு இது. பள்ளி திறந்து ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு இல்லம் தேடிக் கல்வியால் வந்தது: மாலையில் ஒரு திண்ணை, சமூகக் கூடம் அல்லது வீட்டு முற்றத்தில், உள்ளூர்ப் பெண் ஒருவரைச் சுற்றி உட்கார்ந்த பிள்ளைகள். அங்கும் தொழில்நுட்பம் இருந்தது. 2022 ஜூனில் நடந்த வாசிப்பு மாரத்தானில் பிள்ளைகள் செயலிக்கு முன் சத்தமாக வாசித்தார்கள். செயலி பிழை சொன்னது. அக்கா பக்கத்தில் இருந்தார்.

இனி நான் செய்யப்போவது. மின்சுற்றுப் பாடத்துக்கு ஹைடெக் லேபில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் மெய்நிகர் சோதனைகளைப் பயன்படுத்துவேன். அவை இலவசம், தமிழிலும் உண்டு, பதிவிறக்கி வைத்தால் இணையம் தேவையில்லை. ஒரு கணினிக்கு மூன்று பேர். மவுஸ் பிடித்திருப்பவள் மற்ற இருவர் சொல்வதை மட்டுமே செய்யவேண்டும். தானாக எதையும் அழுத்தக்கூடாது. இரண்டாமவள் என்ன செய்யவேண்டும் என்று வாயால் சொல்வாள். மூன்றாமவள் பல்பு எரியுமா, மங்குமா என்பதைப் பார்ப்பதற்கு முன்பே நோட்டில் எழுதி, ஏன் என்றும் எழுதுவாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறவேண்டும். கணினியில் வேகமாக ஓடும் பிள்ளைக்கு இந்த விதி முதலில் எரிச்சலூட்டும். தான் நினைப்பதை வார்த்தையில் சொல்லப் பழகும்போது அவளுக்கும் அதில் லாபம் உண்டு.

எங்கள் பாடத்திட்டக் குறிப்பில் துணைக்கருவிகள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் பவர்பாயிண்ட், காணொலி, மாதிரி என்று நிரப்புகிறோம், மதிப்பெண் வாங்குகிறோம். அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று வேண்டும்: இந்தக் கருவி இயங்கும்போது எந்தப் பிள்ளை யாரோடு, எதைப் பற்றிப் பேசும்? செயல்முறைத் தேர்வுக்கு வரும் புறத்தேர்வர் என் ஸ்லைடுகளைப் பார்ப்பதற்கு முன் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து, அங்கிருக்கும் பிள்ளைகள் பேசுவதைக் கேட்கட்டும். என் மதிப்பெண்ணை அதை வைத்தே போடட்டும்.